மார்ஜின் என்றால் என்ன? கடை முதல் பங்குச் சந்தை வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. மளிகைக் கடை, துணிக்கடை, வாழை இலை உணவகம் என்று பலவகைக்காரர்கள் வருகிறார்கள். யார் வந்தாலும் ஒரு நாள் இந்த ‘மார்ஜின்’ பற்றிக் கேட்காமல் இருப்பதில்லை. மொத்த வியாபாரி ஒரு மார்ஜின் சொல்கிறார், வங்கி அதிகாரி வேறொன்றைச் சொல்கிறார், பங்கு விற்கும் ரெமிசியர் இன்னொன்றைச் சொல்கிறார். சொல் ஒன்றுதான், ஆனால் பணம் போகிற திசை வேறு வேறு.

அர்த்தம் மாறிப்போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்க்க மனசு கேட்பதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால். கடை, வீடு, பங்குக் கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்.

அக்கா, மார்ஜின்னா லாபமா, கடனா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்களே.

இரண்டும் உண்டு, மூன்றாவதாக முன்பணமும் உண்டு. கடைக்காரர் சொன்னால் அது லாபம். வீட்டுக் கடன் அதிகாரி சொன்னால் வங்கி தரும் கடனின் அளவு. பங்குத் தரகர் சொன்னால் கடன் வாங்கிப் பங்கு வாங்கும் வசதி. பின்னொரு நாளில் தரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் செம்பனை எண்ணெய் வாய்தா (ஃபியூச்சர்ஸ்) வியாபாரத்தில் சொன்னால் நீங்கள் கட்டி வைக்கிற முன்பணம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, அல்லது அந்த இடைவெளி எங்கே தொடங்குகிறது என்று காட்டும் கோடு. விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் நடுவே உள்ளது ஒரு மார்ஜின். வீட்டின் விலைக்குள் வங்கியின் பங்கு முடிந்து உங்கள் பங்கு தொடங்கும் இடம் இன்னொரு மார்ஜின். ஆகவே யாராவது ‘மார்ஜின்’ என்று ஒரு சதவீதம் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். எந்த எண்ணில் இத்தனை சதவீதம்? அந்தப் பணம் யாருடையது? கீழே வரும் எல்லாப் பதில்களுக்கும் இந்த இரண்டு கேள்விதான் சாவி.

நான் 80 வெள்ளிக்கு வாங்கி 100 வெள்ளிக்கு விக்கிறேன். என் மார்ஜின் 25 சதவீதம்தானே?

இல்லை, 20 சதவீதம். லாபம் 20 வெள்ளி. அதை விற்ற விலையான 100-இல் வைத்துப் பார்த்தால் 20 சதவீதம், அதுதான் மார்ஜின். வாங்கிய விலையான 80-இல் வைத்துப் பார்த்தால் 25 சதவீதம் வரும், அதற்குப் பெயர் மார்க்-அப். பழைய கடைக்காரர்கள் பெரும்பாலும் மார்க்-அப்பைத்தான் மனதில் கணக்குப் போடுவார்கள், ஏனென்றால் கையில் இருப்பது வாங்கிய பில். கணக்காளரும் வங்கியும் விற்பனையில் இருந்து கணக்குப் போடுவார்கள்.

ரெண்டும் அதே இருபது வெள்ளிதானே? எப்படிச் சொன்னா என்ன?

தள்ளுபடி போடும்போதுதான் வலி தெரியும். மேலே சொன்ன சரக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘எனக்கு 25 சதவீதம் இருக்கிறது, தீபாவளிக்கு 25 சதவீதம் குறைத்தால் போட்ட காசாவது வரும்’ என்று ஒருவர் நினைத்தால், அவர் 75 வெள்ளிக்கு விற்பார். வாங்கியது 80 வெள்ளி. ஒவ்வொரு துணிக்கும் 5 வெள்ளி கையைவிட்டுப் போகும், கூட்டம் கூடக் கூட நஷ்டமும் கூடும். தள்ளுபடி எப்போதும் விற்கும் விலையில் இருந்து கழிகிறது, அதனால் மார்ஜினோடுதான் அதை ஒப்பிட வேண்டும்.

விலை போடும்போதும் இதே கதை. 80 வெள்ளிச் சரக்கில் 30 சதவீத மார்ஜின் வேண்டுமென்றால் 80-ஐ 0.7-ஆல் வகுக்க வேண்டும், 114 வெள்ளி 29 சென் வரும். 80-உடன் 30 சதவீதத்தைக் கூட்டி 104 வெள்ளி என்று போட்டால் மார்ஜின் 23 சதவீதம்தான். வித்தியாசம் 10 வெள்ளிக்கு மேல்.

சட்டமும் இரண்டையும் பிரித்துத்தான் பார்க்கிறது. 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு மற்றும் மிகை இலாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2018-இல் வந்த விதிமுறைகள் மார்க்-அப் சதவீதம், மார்ஜின் சதவீதம் என்று தனித்தனியாகச் சொல்கின்றன. ஆண்டின் முதல் நாளில் இருந்த சதவீதத்தைவிடப் பிறகு கூட்டியிருக்கிறீர்களா என்பதே அங்கே கேள்வி. அமலாக்க அதிகாரி கடைக்கு வந்து கேட்கும் நாளில் வாங்கிய பில்லும் விலைப் பட்டியலும் கையில் இருக்க வேண்டும்.

கணக்குல மொத்த மார்ஜின், நிகர மார்ஜின்னு ரெண்டு போட்டிருக்கீங்க. எது உண்மையானது?

இரண்டும் உண்மை, கேள்வி வேறு. ஒரு மளிகைக் கடையில் மாதம் 60,000 வெள்ளி விற்பனை, சரக்கு வாங்கிய செலவு 45,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 15,000. அது விற்பனையில் 25 சதவீதம், இதுதான் மொத்த மார்ஜின். அதிலிருந்து கடை வாடகை 5,000, ஆட்கள் சம்பளம் 6,000, மின்சாரம், லாரி, இதர செலவு 2,200 போனால் மிஞ்சுவது 1,800. விற்பனையில் 3 சதவீதம். இது நிகர மார்ஜின்.

மொத்த மார்ஜின் குறைந்தால் கொள்முதலிலோ விலையிலோ கோளாறு, அல்லது சரக்கு கெட்டுப்போகிறது, காணாமல் போகிறது. மொத்தம் அப்படியே இருந்து நிகரம் குறைந்தால் வாடகையும் சம்பளமும் ஏறுகின்றன. மருந்து வேறு வேறு என்பதால்தான் இரண்டையும் எழுதுகிறேன்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. முதலாளி, அவர் மனைவி, பள்ளி விட்டு வந்து கல்லாவில் உட்காரும் பிள்ளை, இவர்கள் சம்பளத்தை யாரும் எழுதுவதில்லை. மேலே உள்ள 1,800 வெள்ளி அவர்கள் மூவர் உழைப்புக்கும் சேர்த்து என்றால் அது லாபமே இல்லை. குடும்பத்தின் கூலியையும் செலவில் எழுதுங்கள், பிறகு மார்ஜினைப் பாருங்கள்.

நகைக்கடையில மார்ஜின் ரொம்பக் கம்மின்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி மஸ்ஜித் இந்தியாவுல அத்தனை கடை?

916 (22 காரட்) தங்கத்தின் அன்றைய விலை எல்லோருக்கும் தெரியும், அதில் அதிகம் ஏற்ற முடியாது. கடைக்காரரின் வருமானம் செய்கூலியிலும், விற்கும் விலைக்கும் உங்களிடம் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்திலும் இருக்கிறது. ஒரு நகையின் விலை பெரியது என்பதால் சதவீதம் சிறியதாக இருந்தாலும் வெள்ளிக் கணக்கில் தேறும். மல்லித் தூள் விற்பவருக்கு அது நேர்மாறு.

பேங்க்ல ‘மார்ஜின் 90’ கிடைக்கும்னு வீட்டு ஏஜெண்ட் சொன்னார். 90 சதவீதம் லாபமா எடுப்பாங்க?

பயப்பட வேண்டாம், இங்கே அர்த்தம் அப்படியே மாறுகிறது. வீட்டு விலையில் 90 சதவீதத்தை வங்கி கடனாகத் தரும், 10 சதவீதம் நீங்கள் போட வேண்டும் என்பதுதான் அது. 450,000 வெள்ளி வீட்டுக்கு வங்கி 405,000, நீங்கள் 45,000. வங்கியின் வருமானம் வட்டி, அது வேறு வரியில் இருக்கும்.

அந்த 45,000-ஓடு முடிந்துவிடாது. வக்கீல் கட்டணம், முத்திரை வரி, மதிப்பீட்டுக் கட்டணம் எல்லாம் தனி. முன்பணத்துக்கு இ.பி.எஃப். என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். 2024 மே மாதம் முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது, வீட்டுக்கு எடுப்பது அதில் ‘செஜாத்ரா’ கணக்கில் இருந்து. ஆனால் அந்தப் பணம் கைக்கு வர நேரம் எடுக்கும், விற்பவருக்கு 10 சதவீதம் கட்ட வேண்டிய நாள் காத்திருக்காது.

முதல் வீடு வாங்குபவர்களுக்கு 2011-இல் தொடங்கிய ‘ஸ்கிம் ருமா பெர்தாமாக்கு’ போன்ற திட்டங்களில் தகுதி இருந்தால் 100 சதவீதம் வரைகூடக் கிடைக்கும். மார்ஜின் ஏற ஏற மாதத் தவணையும் ஏறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

90-ன்னு சொல்லிட்டு இப்ப குறைச்சுக் கொடுக்கறாங்க. ஏமாத்துறாங்களா?

பெரும்பாலும் ஏமாற்று இல்லை, ‘எந்த எண்ணில் 90’ என்ற கேள்விதான். வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டின் மதிப்பைப் பார்க்கும். வாங்கும் விலை, மதிப்பீடு, இந்த இரண்டில் எது குறைவோ அதில்தான் 90 சதவீதம் கணக்கிடும். நீங்கள் 450,000-க்குப் பேசி, மதிப்பீடு 420,000 என்று வந்தால் கடன் 378,000. உங்கள் கைப்பணம் 45,000-இல் இருந்து 72,000-க்கு ஏறிவிடும்.

செராஸிலும் கிள்ளானிலும் பழைய தரை வீடு வாங்குபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். விற்பவர் புதிதாகச் சமையலறை கட்டியிருப்பார், அதற்குச் சேர்த்து விலை கேட்பார். மதிப்பீட்டாளர் அதை முழுசாக ஏற்கமாட்டார். ஆகவே முன்பதிவுப் பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு வங்கியிலாவது உத்தேச மதிப்பைக் கேட்டு வாங்குங்கள்.

மூணாவது வீட்டுக்கு ஏன் 70 தான்? எனக்கு நல்ல வருமானம் இருக்கே.

உங்கள் வருமானத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 2010 நவம்பர் 3 முதல் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா, ஒருவர் எடுக்கும் மூன்றாவது வீட்டுக் கடன் முதல் 70 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறது. வீட்டை வாங்கி வாங்கி விற்று விலையை ஏற்றுவதைத் தணிக்க வந்த ஏற்பாடு அது. எண்ணப்படுவது நடப்பில் உள்ள வீட்டுக் கடன்கள். தாத்தா விட்டுப்போன வீடோ கடனை முழுதாகக் கட்டி முடித்த வீடோ கணக்கில் வராது.

தங்கத்தை அடகு வைக்கப் போனேன். ‘மார்ஜின் 70’-ன்னு போர்டு. அதிகமா குடுக்கிற இடத்துக்குத்தானே போகணும்?

அர்-ரஹ்னு என்ற இஸ்லாமிய அடகுக் கடைகளில் இந்தப் பலகையைப் பார்க்கலாம், எல்லா இனத்தவரும் அங்கே போகிறார்கள். வீட்டுக் கடனில் உள்ள அதே அர்த்தம்தான்: தங்கத்தின் மதிப்பில் 70 சதவீதம் கையில் தருவார்கள். அவசரத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வாங்குங்கள். அதிக மார்ஜினில் வாங்கினால் மீட்பதற்கும் அதிகம் வேண்டும். மீட்க முடியாமல் போகும் நகைகளில் பல அப்படித்தான் போகின்றன.

கடன் கொடுப்பவர் ஏன் முழு மதிப்பையும் தருவதில்லை? விலை விழுந்தால் தாங்கிக்கொள்ள. நம் ஊரில் இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. லெபோ அம்பாங்கிலும் பினாங்கு வீதியிலும் கிட்டங்கி என்ற வட்டிக்கடைகளை வைத்திருந்த செட்டியார்கள் ரப்பர்த் தோட்ட நிலங்களைப் பிணையாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. வட்டிக்காரர்கள் நிலக்காரர்கள் ஆனார்கள். மலாய் நிலங்கள் அப்படிக் கைமாறுவதைத் தடுக்க 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுக்கப்பட்டது. பிணையின் விலை கடனுக்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் அடிபடும், நிலத்தை இழந்தவருக்குத்தான் அடி பலம்.

ரெமிசியர் மார்ஜின் அக்கவுண்ட் திறக்கச் சொல்றார். அது நல்லதா?

அவர் சொல்வது கடன். உங்களிடம் 50,000 வெள்ளி இருக்கிறது, தரகு நிறுவனம் இன்னொரு 50,000 கடன் தருகிறது, 100,000-க்குப் பங்கு வாங்குகிறீர்கள். அந்தப் பங்குகளே பிணை. கடனுக்கு வட்டி நாள் கணக்கில் ஓடும்.

பங்கு 20 சதவீதம் ஏறினால் 120,000. கடனைக் கழித்தால் உங்களுடையது 70,000, அதாவது உங்கள் பணத்துக்கு 40 சதவீத லாபம். ரெமிசியர் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவார். 20 சதவீதம் இறங்கினால் 80,000. கடன் 50,000 அப்படியே நிற்கும், உங்களுடையது 30,000. சந்தை இழந்தது 20, நீங்கள் இழந்தது 40, வட்டி தனி. சொந்தப் பணத்தில் வாங்கியவர் விலை திரும்பும்வரை காத்திருக்கலாம். கடனில் வாங்கியவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. காரணம் அடுத்த பதிலில்.

என் கருத்தை ஒளிக்கவில்லை: கடையின் சுழல் முதலையும் பிள்ளைகளின் படிப்புப் பணத்தையும் இதில் வைக்கவே கூடாது.

மார்ஜின் கால் வந்தா போனை எடுக்காம இருந்தா என்ன ஆகும்?

விற்றுவிடுவார்கள். கடனோடு ஒப்பிடும்போது பிணையின் மதிப்பு இவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு கோடு இருக்கும். அதைத் தொட்டால் ‘பணம் கட்டுங்கள் அல்லது பங்கு கொண்டு வாருங்கள்’ என்று அழைப்பு வரும். குறித்த நேரத்துக்குள் நீங்கள் கட்டாவிட்டால் உங்களைக் கேட்காமலே பங்கை விற்கும் உரிமையை அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பீர்கள். விற்றும் கடன் அடையாவிட்டால் பாக்கியை உங்களிடம் வசூலிப்பார்கள்.

இது ஒருவருக்கு மட்டும் நடந்தால் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நடக்கும். கட்டாய விற்பனையால் விலை இறங்கும், அந்த இறக்கம் அடுத்தவரின் கோட்டைத் தொடும், அவர் பங்கும் விற்கப்படும். 1997 தொடக்கத்தில் 1,200-க்கு மேல் இருந்த கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1998 செப்டம்பர் 1-இல் 262.70 வரை போனது. ரிங்கிட்டின் வீழ்ச்சி, வட்டி ஏற்றம், வெளிநாட்டுப் பணம் வெளியேறியது என்று காரணங்கள் பல. பங்குகளைப் பிணை வைத்து வாங்கிய கடன் அந்தச் சரிவை இன்னும் ஆழமாக்கியது. அப்போது வீட்டை இழந்த குடும்பங்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. தாத்தா ஏன் பங்கு என்றாலே முகம் சுளிக்கிறார் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதுதான் பதில்.

கான்ட்ரா, மார்ஜின் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. கான்ட்ரா என்பது வாங்கிய பங்குக்குப் பணம் கட்ட வேண்டிய நாளுக்கு முன்பே விற்று, வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்குவது. 2019 ஏப்ரல் 29 முதல் மலேசியப் பங்குச் சந்தையான புர்சாவில் கணக்கு முடிக்கும் நாள், வியாபார நாளில் இருந்து இரண்டாவது வேலை நாள். மார்ஜினில் முறையான கடன் ஒப்பந்தமும் பிணையும் உண்டு, மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். இரண்டிலும் கையில் இல்லாத பணத்தில் வாங்குகிறீர்கள், ஒற்றுமை அவ்வளவுதான்.

செம்பனை எண்ணெய் ஃபியூச்சர்ஸ்ல 8,000 வெள்ளி மார்ஜின்னு சொன்னாங்க. அதுக்கும் வட்டி உண்டா?

கிடையாது, ஏனென்றால் யாரும் உங்களுக்குக் கடன் தரவில்லை. வாய்தா ஒப்பந்தத்தில் மார்ஜின் என்பது வாக்கைக் காப்பாற்றுவீர்கள் என்பதற்காக நீங்கள் கட்டி வைக்கும் பிணைப்பணம். கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய் வாய்தா வியாபாரம் 1980-இல் தொடங்கியது, இன்று உலகமே அதன் விலையைப் பார்க்கிறது. ஒரு ஒப்பந்தம் 25 டன். டன் 4,000 வெள்ளி என்றால் ஒப்பந்தத்தின் மதிப்பு 100,000. அதை நீங்கள் 8,000 வெள்ளி கட்டிப் பிடித்திருக்கிறீர்கள்.

டன்னுக்கு 1 வெள்ளி அசைந்தால் உங்கள் கணக்கில் 25 வெள்ளி அசையும். 200 வெள்ளி இறங்கினால் 5,000 போய்விடும், 8,000-இல் மிஞ்சுவது 3,000. லாப நஷ்டம் தினமும் சந்தை முடிந்ததும் கணக்கில் ஏறும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனால் மறுபடியும் கட்டச் சொல்வார்கள். சந்தை அதிகம் ஆடும் நாட்களில், ஒப்பந்தங்களின் கணக்கை முடித்து வைக்கும் தீர்வகம் மார்ஜின் தொகையையே உயர்த்தும், அதனால் விலை உங்கள் பக்கம் இருந்தாலும் கூடுதலாகக் கட்ட நேரிடலாம்.

கட்டினது 8,000, போனா அதுதானே போகும்?

இதுதான் மிக ஆபத்தான நினைப்பு. போட்ட மார்ஜின் நஷ்டத்தின் எல்லை இல்லை. மேலே உள்ள கணக்கில் விலை 400 வெள்ளி விழுந்தால் நஷ்டம் 10,000. மீதி 2,000-ஐ நீங்கள் கடனாகச் சுமப்பீர்கள்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் பீப்பாய்க்குக் கழித்தல் 37.63 டாலரில் முடிந்தது. விலை பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று பலரும் எதிர்பார்க்கவில்லை. ‘அதிகபட்சம் பூஜ்யம் வரைதானே’ என்று வாங்கி வைத்திருந்தவர்கள் கணக்கில் இருந்ததை இழந்து, அதற்கு மேலும் கட்ட வேண்டி வந்தது.

ஃபாரெக்ஸ் ஆப்ல ‘ஃப்ரீ மார்ஜின்’னு காட்டுது. அது இலவசமா குடுக்கிற பணமா?

இல்லை, உங்கள் பணம்தான். ஏற்கெனவே பிடித்துள்ள வியாபாரங்களுக்குப் பூட்டி வைத்தது போக, பூட்டப்படாமல் இருக்கும் மீதிக்கு அந்தப் பெயர். விலை உங்களுக்கு எதிராக அசைந்தால் முதலில் கரைவது அதுதான். ‘ஒன்றுக்கு நூறு’ என்று சொன்னால் மார்ஜின் 1 சதவீதம், அதாவது நாணயம் 1 சதவீதம் எதிர்ப்பக்கம் போனாலே போட்ட பணம் முழுதும் காலி.

கணக்கைவிட முக்கியமானது சட்டம். உரிமம் இல்லாத தரப்போடு வெளிநாட்டு நாணயம் வாங்கி விற்பது 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டத்தின்படி குற்றம். வாட்ஸ்அப் குழுவில் தங்கை, தம்பி என்று பேசி அழைப்பவர்களை நம்பும் முன் பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலிலும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் பட்டியலிலும் அந்தப் பெயரைத் தேடுங்கள். பெயர் அங்கே இல்லை என்பதால் மட்டும் நல்லவர்கள் என்று ஆகிவிடாது, உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோசடிக்காரர் கணக்குக்குப் பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் எண்ணான 997-ஐ அழையுங்கள், நேரம் போகப் போகப் பணம் கணக்கு மாறிக்கொண்டே போகும்.

பேங்க் மார்ஜின் குறைஞ்சு போச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. வீட்டுக் கடன் கம்மியா குடுப்பாங்களா?

அது வேறு. வங்கி கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புத்தொகைக்குக் கொடுக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம், அதாவது வங்கி என்ற கடையின் மார்ஜின். பேங்க் நெகாரா வட்டியைக் குறைத்தால் பல வங்கிகளுக்குக் கடன் வட்டி உடனே இறங்கும், நிரந்தர வைப்பின் வட்டி முதிர்வு நாள்வரை அப்படியே இருக்கும். நடுவில் அவர்கள் மார்ஜின் ஒடுங்கும்.

‘மார்ஜின் ஆஃப் சேஃப்டி’ன்னு எங்க ஆடிட்டர் சொன்னார். பங்கு வாங்கறவங்களும் அதையே சொல்றாங்க. ஒண்ணுதானா?

இரண்டும் பாதுகாப்பு இடைவெளிதான், அளக்கும் இடம் வேறு. பங்கு வாங்குபவர், நிறுவனத்தின் உண்மை மதிப்பு என்று தாம் கணித்ததைவிட எவ்வளவு குறைவாக வாங்கினார் என்று பார்க்கிறார். கணிப்பு தவறினாலும் அடி குறையும்.

ஆடிட்டர் சொல்வது, விற்பனை எவ்வளவு விழுந்தால் நஷ்டம் தொடங்கும் என்பது. முன்பு பார்த்த மளிகைக் கடையையே எடுப்போம். வாடகை, சம்பளம், இதரம் சேர்த்து 13,200, மொத்த மார்ஜின் 25 சதவீதம். 13,200-ஐ 0.25-ஆல் வகுத்தால் 52,800. அந்த விற்பனையில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இப்போது விற்பனை 60,000, ஆகவே இடைவெளி 7,200, அதாவது 12 சதவீதம். பக்கத்தில் ஒரு மினி மார்க்கெட் திறந்து எட்டில் ஒரு வாடிக்கையாளர் போனால் போதும், கடை நஷ்டத்தில் ஓடும். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் இந்த ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

எல்.சி. திறக்க பேங்க் 20 சதவீத மார்ஜின் கேக்குது. வீட்டுக்கு 90 குடுக்கிறவங்க இதுக்கு ஏன் 20 மட்டும் குடுக்கிறாங்க?

இந்தியாவில் இருந்து வெங்காயமும் மிளகாயும் கிள்ளான் துறைமுகம் வழியாக இறக்குபவர்கள் கேட்பது. எல்.சி. என்பது, சரக்கு அனுப்புபவருக்குப் பணம் வந்துசேரும் என்று வங்கி தரும் உத்தரவாதக் கடிதம். இங்கே திசை தலைகீழ். வீட்டுக் கடனில் மார்ஜின் என்பது வங்கி தருவது. எல்.சி.யில் மார்ஜின் என்பது நீங்கள் வங்கியிடம் முன்கூட்டிக் கட்டுவது. 200,000 வெள்ளிச் சரக்குக்கு 40,000 வெள்ளியை வங்கி பிடித்து வைக்கும், மீதிக்கு அது உத்தரவாதம் நிற்கும்.

ஆகவே வீட்டுக் கடனில் எண் பெரிதாக இருந்தால் உங்கள் கைப்பணம் குறைவு, எல்.சி.யில் எண் சிறிதாக இருந்தால் கைப்பணம் குறைவு. ஒரே வங்கியில், பக்கத்துப் பக்கத்து மேசையில் இந்த இரண்டு பேச்சும் நடக்கும். முதல் பதிலில் சொன்ன ‘அந்தப் பணம் யாருடையது’ என்ற கேள்வி இங்கேதான் மிகவும் உதவும்.

இஸ்லாமிய வங்கி கடிதத்துல ‘மார்ஜின் 90 சதவீதம்’னு ஒரு வரி, ‘லாப மார்ஜின்’னு இன்னொரு வரி, விற்பனை விலைன்னு ஒரு பெரிய தொகை. தலை சுத்துது.

முதல் வரி வீட்டுக் கடனில் பார்த்த அதே மார்ஜின்: வீட்டின் விலையில் வங்கி ஏற்கும் பங்கு. இரண்டாவது வரி கடைக்காரரின் மார்ஜின். இஸ்லாமிய முறையில் வட்டி கூடாது என்பதால் வங்கி ஒரு பொருளை வாங்கி லாபம் வைத்து உங்களுக்கு விற்கிறது, நீங்கள் தவணையில் கட்டுகிறீர்கள். இங்கே பரவலாக உள்ள முறையில் அந்தப் பொருள் வீடாக இருக்க வேண்டியதில்லை. புர்சா 2009-இல் தொடங்கிய ‘சூக் அல்-சிலா’ என்ற தளத்தில் செம்பனை எண்ணெய் வாங்கி விற்கப்பட்டு அந்தக் கணக்கு முடியும்.

பெரிய தொகையைப் பார்த்துப் பதறுகிறவர்கள் நிறைய. விற்பனை விலை பெரும்பாலும் உச்ச லாப விகிதத்தில், முழுக் காலத்துக்கும் சேர்த்துப் போடப்படுகிறது. மாதாமாதம் நீங்கள் கட்டுவது நடப்பு விகிதத்தில், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வங்கி ‘இப்ரா’ என்ற கழிவாகத் தருகிறது. முன்கூட்டிக் கட்டி முடித்தாலும் இப்ரா உண்டு.

கையெழுத்துக்கு முன் அதிகாரியிடம் நான்கு தொகைகளை வெள்ளியில் எழுதித் தரச் சொல்லுங்கள், சதவீதத்தில் வேண்டாம்: வங்கி விற்பவருக்குக் கொடுப்பது, நான் இன்று கட்ட வேண்டியது, நடப்பு விகிதத்தில் மாதத் தவணை, ஐந்தாம் ஆண்டு முடிவில் கட்டி முடித்தால் பாக்கி எவ்வளவு என்பது. எழுதித் தரத் தயங்கினால் அடுத்த வங்கிக்குப் போங்கள்.